பச்சை இலைக் கணக்கில் இரட்டைப் பதிவுகளை நீக்கும் எக்செல் மேக்ரோ: ஒரு மதிப்பீடு

கோத்தகிரி, குன்னூர் வட்டாரங்களில் சிறு தேயிலை விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கும் தொழிற்சாலைகள் பலவற்றில் இலைக் கணக்கு இன்றும் எக்செலில்தான் எழுதப்படுகிறது. இலை எடை போடும் இடத்தில் கிழித்துத் தரும் சீட்டு, ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் அனுப்பும் பட்டியல், தொழிற்சாலை வாசலில் மறு எடை போட்டு எழுதும் புத்தகம் என மூன்று வழிகளில் வரும் விவரங்கள் ஒரே ஷீட்டில் சேர்வதால், ஒரே மூட்டை இரண்டு வரிசைகளில் ஏறிவிடுவது எல்லா மாதமும் நடக்கிறது. மாத இறுதியில் பட்டுவாடாவுக்கு முன் இந்த இரட்டைப் பதிவுகளைக் களைய வேண்டியிருக்கிறது. அதற்காக எக்செலில் உள்ள 'ரிமூவ் டூப்ளிகேட்ஸ்' வசதியையும், அதை மேக்ரோவாக்கி (எக்செல் தானாகச் செய்யும்படி எழுதிவைக்கும் கட்டளைத் தொகுப்பாக்கி) ஒரு பொத்தானில் பொருத்திக்கொள்ளும் முறையையும், இலைக் கணக்கு எழுதுகிறவரின் இடத்திலிருந்து இங்கே மதிப்பிட்டிருக்கிறேன். இந்த வசதி வேகமானது, சொன்னதைத் தவறாமல் செய்வது. ஆனால் எந்த வரிசையை நீக்கினோம் என்பதைக் காட்டாமலேயே நீக்கிவிடுகிறது என்பதால், ஒரு விவசாயியின் ஒரு மாத வருமானம் அடங்கிய கணக்கில் இதை நேரடியாக ஓட்டுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். இதே மேக்ரோவைச் சற்று மாற்றி, நீக்குவதற்குப் பதிலாக அடையாளமிட்டுக் காட்டச் செய்தால், இதைவிடப் பயனுள்ள கருவி ஒரு கணக்குப் பிரிவுக்கு வேறில்லை.

'ரிமூவ் டூப்ளிகேட்ஸ்' எக்செல் 2007 பதிப்பில் வந்தது. அதற்கு முன் அட்வான்ஸ்டு ஃபில்டரில் தனித்தன்மையுள்ள பதிவுகளை மட்டும் வேறிடத்துக்கு நகலெடுக்கும் வழிதான் இருந்தது. அதே 2007 பதிப்பில் ஒரு ஷீட்டின் வரிசைகள் 65,536 என்ற பழைய எல்லையிலிருந்து 10,48,576 ஆக உயர்ந்தன. ஒரு தொழிற்சாலையின் ஆண்டுக் கணக்கு முழுவதையும் ஒரே ஷீட்டில் வைத்துக்கொள்ளும் பழக்கம் அதன் பிறகு பரவியது, இரட்டைப் பதிவுகளைக் கண்ணால் தேடிப் பிடிப்பதும் இயலாததாயிற்று. டேட்டா தாவலில் உள்ள பொத்தானைக் கையால் அழுத்தினால் எத்தனை வரிசைகள் நீங்கின, எத்தனை எஞ்சின என்று ஒரு சிறு பெட்டியில் எக்செல் சொல்கிறது. அதே வேலையை மேக்ரோ வழியாகச் செய்யும்போது அந்தப் பெட்டிகூட வருவதில்லை. நாமே முன்னும் பின்னும் வரிசைகளை எண்ணி, வேறுபாட்டைக் காட்டும்படி எழுதினால்தான் உண்டு.

வேலை செய்யும் முறை எளியது. கணக்கின் பரப்பு எது, அதில் எந்தெந்த நெடுவரிசைகளை ஒப்பிட வேண்டும், முதல் வரிசை தலைப்பா இல்லையா என்ற மூன்று விவரங்களை மேக்ரோவில் கொடுக்க வேண்டும். மேலிருந்து பார்த்து முதலில் வரும் பதிவை வைத்துக்கொண்டு, பின்னால் வரும் அதே போன்ற பதிவுகளை எக்செல் அழித்துவிடும். நெடுவரிசைகளின் எண்ணிக்கை ஷீட்டின் ஓரத்திலிருந்து தொடங்காமல் கொடுத்த பரப்பின் ஓரத்திலிருந்து தொடங்குகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். கணக்கு இரண்டாவது நெடுவரிசையில் தொடங்கினால், மேக்ரோவில் 1 என்பது அந்த இரண்டாவது நெடுவரிசையைக் குறிக்கும். தலைப்பு உண்டா என்பதைச் சொல்லாமல் விட்டால் இல்லை என்றே எக்செல் எடுத்துக்கொள்கிறது. இவற்றைவிட ஆபத்தானது பரப்பைக் குறைத்துக் கொடுப்பது. நீக்கம் கொடுத்த பரப்புக்குள் மட்டுமே நடக்கும், கீழே உள்ளவை அந்த அகலத்துக்குள் மட்டுமே மேலேறும். தேதியிலிருந்து கிலோ வரை பரப்பாகக் கொடுத்து, அதற்கு வலப்புறம் உள்ள முன்பணப் பிடித்தத்தை விட்டுவிட்டால், முதல் இரட்டைப் பதிவு நீங்கியதுமே அதற்குக் கீழே உள்ள ஒவ்வொருவரின் இலைக்கும் வேறொருவரின் பிடித்தம் நேராக வந்து நிற்கும். மொத்தப் பிடித்தம் மாறாமல் இருப்பதால் கூட்டுத்தொகையை மட்டும் சரிபார்க்கிறவருக்கு இது தெரியவும் தெரியாது.

நாம் செய்வதைப் பார்த்து மேக்ரோவாக எழுதிக்கொள்ளும் மேக்ரோ ரெக்கார்டரை ஓட விட்டு, கையால் ஒருமுறை செய்து காட்டி, அதையே மாதாமாதம் பயன்படுத்தலாம் என்பது பலரும் பின்பற்றும் வழி. ரெக்கார்டர் அன்றைய தினம் கணக்கு எத்தனை வரிசைகளில் முடிந்ததோ அந்த எண்ணை அப்படியே எழுதிவைக்கிறது. இலை குறைவாக வரும் மாதத்தில் பதிவு செய்த மேக்ரோவை இலை குவியும் மாதத்தில் ஓட்டினால், எல்லைக்குக் கீழே உள்ள வரிசைகளை அது தொடுவதே இல்லை. 'கரண்ட் ரீஜன்' என்று எழுதினால் பரப்பைத் தானே கண்டுபிடித்துக்கொள்ளும் என்று சொல்வார்கள். ஆனால் நம் கணக்குகளில் ஒரு நாள் முடிந்ததும் ஒரு வரிசையைக் காலியாக விடும் வழக்கம் இருப்பதால், முதல் நாளின் முடிவிலேயே அது நின்றுவிடும். ஷீட்டின் அடியிலிருந்து மேலே ஏறிக் கடைசியாக எழுதப்பட்ட வரிசையைக் கண்டறியும் முறையே நம்பத்தக்கது. கணக்கைத் தொடக்கத்திலேயே எக்செல் டேபிளாக மாற்றி, காலி வரிசை விடும் வழக்கத்தைக் கைவிட்டால் இந்தச் சிக்கலே எழாது. இடையிடையே சப்டோட்டல் போட்டு வைத்த கணக்கில் இந்த வசதி வேலை செய்யாது என்பதால், அவற்றை முதலில் எடுத்துவிட வேண்டும்.

இனி, இந்த மதிப்பீட்டில் எனக்கு மிக முக்கியமாகப் படும் பகுதிக்கு வருகிறேன். எது இரட்டைப் பதிவு என்ற கேள்விக்கு எக்செலிடம் விடை இல்லை, கணக்கு எழுதுகிறவர்தான் சொல்ல வேண்டும். தேதி, விவசாயியின் பெயர், கிலோ ஆகிய மூன்றும் ஒன்றாக இருந்தால் இரட்டை என்று வைத்துக்கொள்வது இயல்பாகத் தோன்றும், ஆனால் இலைக் கணக்கில் அது பெருந்தவறு. கொழுந்து அதிகமாக வரும் நாட்களில் ஒருவர் காலையில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் இலை போடுவது வழக்கம். சாக்கு ஒரே அளவு, பறிக்கும் ஆட்களும் அவர்களே, ஈரத்துக்கான கழிவும் ஒரே மாதிரி என்னும்போது, காலையில் 42 கிலோ, மாலையிலும் 42 கிலோ என்று வருவதில் வியப்பில்லை. அந்த மூன்று நெடுவரிசைகளை மட்டும் ஒப்பிடும் மேக்ரோ, மாலை இலையை அழித்துவிடும். இரட்டைப் பதிவு நீங்காமல் தங்கிவிட்டால் தொழிற்சாலைக்கு நட்டம், அதை அடுத்த மாதம் பேசி நேர் செய்துகொள்ள வழி உண்டு. உண்மையான பதிவு நீங்கிவிட்டாலோ, கால் ஏக்கர், அரை ஏக்கர் வைத்துக்கொண்டு வாரக் கூலி கொடுத்து இலை பறித்துப் போட்டவருக்கு நட்டம். சீட்டைப் பத்திரமாக வைத்திருந்து வந்து கேட்கிறவருக்குப் பணம் கிடைக்கும், கேட்காதவருக்குக் கிடைக்காது. இந்த இரண்டு பிழைகளையும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்கும் எந்தக் கருவியையும் பட்டுவாடாக் கணக்கில் அப்படியே அனுமதிக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

பெயரை வைத்து ஒப்பிடுவதும் நம் மலையில் எடுபடாது. படுகர் ஹட்டிகளில் (ஊர்களில்) போஜன், மாதன், பெள்ளி, ஜோகி, நஞ்சன் போன்ற பெயர்கள் ஒரே ஊரில் பலருக்கு இருக்கும், தந்தை பெயரின் முதலெழுத்தும் ஒன்றாக அமைவதுண்டு. பாட்டனின் பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கமும் இதில் சேர்ந்துகொள்கிறது. மறுபுறம், ஒரே மனிதரின் பெயர் ஒரு சீட்டில் முதலெழுத்து முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும், மூன்றாவதில் ஊர்ப் பெயரோடும் எழுதப்பட்டிருக்கும். இரு வேறு ஆட்களை ஒருவராகவும், ஒருவரையே மூன்று பேராகவும் மேக்ரோ எடுத்துக்கொள்வதற்கு இதுவே காரணம். ஆகையால் பெயரை ஒப்பீட்டிலிருந்து முழுவதுமாக விலக்கிவிட்டு, விவசாயிக்குத் தொழிற்சாலை கொடுத்துள்ள எண்ணையும் சீட்டு எண்ணையும் வைத்து ஒப்பிட வேண்டும்.

சீட்டு எண்ணிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. எடை போடும் ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனிச் சீட்டுப் புத்தகம் தரப்படுவதாலும், ஒவ்வொரு புத்தகமும் மீண்டும் 1 என்றே தொடங்குவதாலும், சீட்டு எண் தனியாக எதையும் அடையாளம் காட்டாது. இடத்தின் குறியீடு, புத்தக எண், சீட்டு எண் மூன்றையும் சேர்த்து ஒரு திறவுகோலாக ஆக்க வேண்டும், சேர்க்கும்போது இடையில் ஒரு கோட்டுக் குறியைக் கட்டாயம் போட வேண்டும். குறியில்லாமல் சேர்த்தால் 1ஆம் புத்தகத்தின் 12ஆம் சீட்டும், 11ஆம் புத்தகத்தின் 2ஆம் சீட்டும் ஒரே 112 ஆகிவிடும். இப்படித் திறவுகோலை வைத்து ஒப்பிடும்போது மற்றொரு நன்மையும் கிடைக்கிறது. ஒரே சீட்டு ஓரிடத்தில் 42 கிலோ என்றும் இன்னோரிடத்தில் 24 கிலோ என்றும் ஏறியிருந்தால், எல்லா நெடுவரிசைகளையும் ஒப்பிடும் மேக்ரோ இரண்டையும் வெவ்வேறு என்று விட்டுவிடும், திறவுகோலை ஒப்பிடும் மேக்ரோ பிடித்துவிடும். பிடித்த பிறகு எது சரியான எடை என்பதைச் சீட்டின் அடிக்கட்டையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். மேலே இருப்பதை வைத்துக்கொண்டு கீழே இருப்பதை அழிக்கும் 'ரிமூவ் டூப்ளிகேட்ஸ்' அந்த வாய்ப்பை நமக்குத் தருவதில்லை.

பார்வைக்கு ஒன்றாக இருப்பவை எக்செலுக்கு வேறாகத் தெரிவது அடுத்த பெரிய சிக்கல். இந்த வசதி கலத்தில் காட்சியளிக்கும் வடிவத்தை வைத்து ஒப்பிடுகிறது. ஒரே தேதி ஒரு வரிசையில் எண்களாகவும் இன்னொரு வரிசையில் மாதப் பெயரோடும் காட்டப்பட்டால், இரண்டும் வெவ்வேறு என்றே அது கருதும். நம் அலுவலகங்களில் 05.06.2024 எனப் புள்ளி வைத்துத் தேதி எழுதும் பழக்கம் ஆழமாக வேரூன்றியது. இந்திய முறைக்கு அமைக்கப்பட்ட கணினியில், அமைப்பை மாற்றாத வரை, எக்செல் அதைத் தேதியாக ஏற்காமல் வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். அமெரிக்க முறையிலேயே விடப்பட்ட கணினியில் சாய்கோடு வைத்து 05/06 என்று எழுதினால் ஜூன் 5 என்பது மே 6 ஆகிவிடும். ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை எக்செல் பொருட்படுத்துவதில்லை, அது நமக்கு நல்லதே. ஆனால் பெயருக்கு முன்னும் பின்னும் தங்கிவிட்ட இடைவெளியைப் பொருட்படுத்துகிறது. வாட்ஸ்அப்பிலிருந்தும் வலைப்பக்கங்களிலிருந்தும் ஒட்டும்போது வந்து சேரும் 160 என்ற குறியெண் கொண்ட இடைவெளியை, மிகையான இடைவெளிகளை அகற்றும் 'டிரிம்' செயற்பாடு நீக்குவதில்லை, அதைத் தனியாக மாற்றியாக வேண்டும்.

தமிழில் விவரம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை. கோத்தகிரி என்ற பெயரின் முதலெழுத்தில் உள்ள ஓகாரக் குறி, யூனிகோடில் ஒரே குறியாகவும் (3019) இருக்கலாம், ஏகாரக் குறியும் (3015) காலும் (3006) சேர்ந்த இரண்டு குறிகளாகவும் இருக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே, குறியெண்களை ஒப்பிடும் மேக்ரோவுக்கு இரண்டும் வேறு. ஒகாரக் குறிக்கும் (3018) இதே நிலைதான், அது எகாரக் குறியும் (3014) காலுமாகப் பிரிந்து நிற்கக்கூடும். கைப்பேசியில் தட்டியதும் கணினியில் தட்டியதும் ஒரே ஷீட்டில் கலக்கும்போது இதைக் காணலாம். ஒப்பிடுவதற்கு முன் பிரிந்து நிற்பவற்றைச் சேர்ந்த குறிகளாக மாற்றும் இரண்டு வரிகளை மேக்ரோவில் எழுதிவிட்டால் போதும். மேக்ரோ எழுதும் சாளரம் தமிழ் எழுத்துகளை ஏற்காமல் கேள்விக்குறிகளாக்கிவிடுவதால், அந்த வரிகளில் எழுத்துகளுக்குப் பதிலாக மேலே சொன்ன எண்களைத்தான் கொடுக்க வேண்டும். பழைய பாமினி, வானவில் எழுத்துருக்களில் தட்டிய பட்டியல்களை யூனிகோடுக்கு மாற்றாமல் கலந்து வைத்திருந்தால், எந்த மேக்ரோவாலும் பயனில்லை.

வங்கிக் கணக்கு எண்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் பட்டுவாடா இப்போது வங்கி வழியாகவே நடக்கிறது. எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களை மட்டுமே துல்லியமாக வைத்துக்கொள்ளும், அதற்கு மேல் உள்ளவற்றைப் பூச்சியமாக்கிவிடும். முன்னால் உள்ள பூச்சியங்களையும் விழுங்கிவிடும். 16 இலக்கக் கணக்கு எண்கள் கடைசி இலக்கத்தில் மட்டும் வேறுபட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். அந்த நெடுவரிசையை எழுத்து வடிவத்துக்கு மாற்றிய பிறகே எண்களைத் தட்ட வேண்டும், தட்டிய பிறகு மாற்றினால் போன இலக்கம் திரும்பாது. எழுத்தாக வைத்த பிறகும், ஒரு மதிப்பு எத்தனை முறை வருகிறது என்று எண்ணும் 'கவுண்ட்இஃப்' கொண்டு இரட்டைகளைத் தேடக் கூடாது. அந்தச் செயற்பாடு எழுத்தாக உள்ள எண்களையும் எண்ணாகவே பாவித்து ஒப்பிடுவதால், முதல் 15 இலக்கங்கள் ஒத்தாலே ஒன்று என்று எண்ணிவிடுகிறது.

மேக்ரோ செய்த மாற்றத்தைக் கன்ட்ரோல்-இசட் கொண்டு திரும்பப் பெற முடியாது. மேக்ரோ ஷீட்டை மாற்றியதும் அதற்கு முன் செய்த வேலைகளின் பின்னோக்கிய பட்டியலும் அழிந்துபோகிறது. நீக்கிவிட்டுக் கோப்பைச் சேமித்து மூடிவிட்டால், முன்னரே நகல் எடுத்து வைக்காதவருக்கு வேறு வழியில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே நான் பரிந்துரைக்கும் மேக்ரோவின் முதல் வேலை, கணக்கு ஷீட்டைத் தேதியோடு நகலெடுத்து வைப்பது. அடுத்து, மேலே சொன்ன தூய்மைப் பணிகளைச் செய்து, திறவுகோலைத் தனி நெடுவரிசையில் எழுத வேண்டும். பிறகு 'டிக்‌ஷனரி' என்ற பொருளில் ஒவ்வொரு திறவுகோலையும் சேர்த்துக்கொண்டே வந்து, ஏற்கெனவே உள்ள திறவுகோல் மீண்டும் வந்தால் இரண்டு வரிசைகளுக்கும் நிறம் பூசி, எந்த வரிசையோடு மோதுகிறது என்ற எண்ணையும் பக்கத்தில் எழுத வேண்டும். அங்கே மேக்ரோ நின்றுவிட வேண்டும். அடிக்கட்டைகளைப் பார்த்து, நீக்க வேண்டியவற்றுக்கு எதிரே கணக்கர் குறியிட்ட பின், இரண்டாவது பொத்தான் அவற்றை மட்டும் 'நீக்கியவை' என்ற ஷீட்டுக்கு நகர்த்த வேண்டும். நகர்த்தும் பகுதியைக் கீழிருந்து மேலாக எழுதுவது அவசியம். மேலிருந்து தொடங்கினால், ஒரு வரிசை நீங்கியதும் அடுத்தது அதன் இடத்துக்கு ஏறிவிட, மேக்ரோ அதைப் பார்க்காமலேயே தாண்டிவிடும். ஒரு விவசாயி வந்து கேட்டால், எந்தச் சீட்டு எதற்காக நீக்கப்பட்டது என்பதை அந்த 'நீக்கியவை' ஷீட்டைத் திறந்து அவருக்கே காட்டலாம். தணிக்கைக்கு வருகிறவர்களுக்கும் அதுவே போதுமான விடை.

இப்படி அமைத்த மேக்ரோ, ஒரே அழுத்தில் எல்லாம் முடியும் மேக்ரோவைவிடக் கூடுதல் நேரம் எடுக்கும் என்பது உண்மைதான். அந்த நேரம் கணினிக்கு ஆவதில்லை, மனிதர் சரிபார்ப்பதற்கு ஆவது. அதைக் குறையாக நான் எண்ணவில்லை.

மேக்ரோ உள்ள கோப்பை எக்ஸ்எல்எஸ்எம் வடிவத்தில் சேமிக்க வேண்டும், வழக்கமான எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வடிவத்தில் சேமித்தால் மேக்ரோ போய்விடும். இணையத்திலிருந்தோ மின்னஞ்சலிலோ வந்த கோப்புகளின் மேக்ரோக்களை மைக்ரோசாஃப்ட் 2022 முதல் இயல்பாகவே தடுத்து வைக்கிறது. நம்பிக்கையான இடத்திலிருந்து வந்தது என்று உறுதியானால் மட்டும், கோப்பின் பிராப்பர்ட்டீஸில் 'அன்பிளாக்' குறியிட்டுத் திறக்கலாம். எல்லா மேக்ரோக்களையும் அனுமதிக்கும்படி எக்செலின் அமைப்பையே மாற்றி வைப்பதை எந்த அலுவலகமும் செய்யக் கூடாது.

மாற்று வழிகளில் பவர் குவெரி சிறந்தது. எக்செல் 2016 முதல் உள்ளிணைந்தே வரும் இது மூலக் கணக்கைத் தொடாமல், இரட்டைகள் நீங்கிய பட்டியலை வேறிடத்தில் தருகிறது, எழுதத் தெரியாதவரும் பொத்தான்கள் வழியாகவே அமைத்துக்கொள்ளலாம். ஆங்கிலப் பெரிய, சிறிய எழுத்துகளை இது வேறுபடுத்திப் பார்க்கும் என்பது மட்டும் நினைவில் இருக்க வேண்டும். கூகுள் ஷீட்ஸிலும் டேட்டா கிளீனப் பகுதியில் இதே வசதி உண்டு, ஏஜென்ட்கள் கைப்பேசியிலிருந்தே விவரத்தை நேரடியாக ஏற்ற விரும்பினால் அது வசதியானது. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் கோத்தகிரிப் பக்கம் மின்சாரமும் இணையமும் ஒருசேரப் போகும் நாட்களில், பேட்டரியில் ஓடும் மடிக்கணினியும் அதிலேயே உள்ள எக்செலும்தான் கைகொடுக்கின்றன. கைப்பேசியில் உள்ள எக்செலிலும், உலாவியில் திறக்கும் எக்செலிலும் இந்த மேக்ரோக்கள் ஓடுவதில்லை என்பதால், சரிபார்க்கும் வேலைக்கு ஒரு விண்டோஸ் கணினியை ஒதுக்கியாக வேண்டும். மேக் கணினியில் மேக்ரோ ஓடினாலும், நான் மேலே சொன்ன 'டிக்‌ஷனரி' விண்டோஸுக்கு உரியது என்பதால் அந்தப் பகுதியை அங்கே வேறு விதமாக எழுத வேண்டியிருக்கும்.

தொழிற்சாலைகளில் இன்னும் பல இடங்களில் எக்செல் 2010 போன்ற பழைய பதிப்புகளே உள்ளன. இரட்டைகள் நீங்கிய பட்டியலைத் தரும், புதிதாக வந்த 'யூனிக்' செயற்பாட்டுக்கு 2021 பதிப்போ மைக்ரோசாஃப்ட் 365 சந்தாவோ தேவைப்படும், இந்த மேக்ரோவுக்கு அவை தேவையில்லை. 2007க்குப் பின் விண்டோஸுக்கு வந்த எந்த எக்செல் பதிப்பிலும் அது ஓடும். சீட்டுப் புத்தகங்களை அடுத்த முறை அச்சுக்குக் கொடுக்கும்போது, எடை போடும் இடத்தின் குறியீட்டையும் புத்தக எண்ணையும் ஒவ்வொரு சீட்டிலும் சேர்த்தே அச்சிடச் சொல்லிவிட்டால், திறவுகோல் சீட்டிலேயே ஆயத்தமாக இருக்கும், கணக்கர் அதைப் பார்த்துத் தட்டினால் போதும்.